பள்ளிக்கூடம் கட்டியவர்கள், உள்ளே போனவர்கள்: செட்டிநாட்டில் எல்லோருக்கும் கல்வி வந்த கதை

கோட்டையூர்க்காரன்:

எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு நூற்றாண்டு மலர் போடுகிறார்கள். அதில் ஒரு கட்டுரை என் பொறுப்பு. தலைப்பை அவர்களே கொடுத்துவிட்டார்கள், "வள்ளல்கள் தந்த கல்வி". எழுத உட்கார்ந்தால் முக்கால்வாசி தானாக ஓடுகிறது, நம் பக்கம் சொல்வதற்கு அவ்வளவு இருக்கிறது. மேலைச்சிவபுரியில் 1909இல் தமிழ் வளர்க்கச் சன்மார்க்க சபை. கானாடுகாத்தான் ராஜா அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் 1920இல் ஆரம்பித்த கல்லூரி 1929இல் பல்கலைக்கழகம் ஆனது. அப்புறம் அழகப்பர். 1947இல் காரைக்குடியில் கல்லூரி, அடுத்த வருடமே மின்வேதியியல் ஆய்வகத்துக்கு நேரு வந்து அடிக்கல் நாட்டினார், அதற்காக அழகப்பர் கொடுத்தது 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும். அந்தக் காலத்துப் பதினைந்து லட்சம்! 1957இல் அவர் காலமானபோது ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. என் அப்பா, சித்தப்பா, நான், என் தங்கை எல்லோரும் அழகப்பர் வளாகத்தில் படித்தவர்கள்தான். ஆனால் கட்டுரை ஒரு இடத்தில் இடிக்கிறது. கட்டடம் எழுப்பியது யார் என்று எழுதிவிட்டேன். அந்தக் கட்டடத்துக்குள் முதல் முப்பது நாற்பது வருடம் யார் வீட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள், யார் வீட்டுப் பிள்ளைகள் அதே நேரத்தில் மாடு மேய்த்தார்கள் என்று எழுத வேண்டாமா? "விழா மலரில் எதற்கு இதெல்லாம்" என்கிறார்கள் மலர்க்குழுவில். நூறு வருட வரலாறு என்று அட்டையில் போட்டால் இதுவும் அதில் வரத்தானே வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரஸ்தாவாசி:

மாடு மேய்த்தார்கள் என்று நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள் அண்ணே, அது அப்படியே எழுத்தில் இருக்கிறது. அப்போது நாமெல்லாம் ராமநாதபுரம் ஜில்லா. 1930 டிசம்பரில் ஆதிக்க சாதி நாட்டார்கள் கூடி ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். நகை போடக்கூடாது, சட்டை போடக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது, இந்த மாதிரி. மக்கள் அதை மதிக்கவில்லை. உடனே 1931 ஜூனில் மறுபடி கூடிப் பதினொரு தடைகள். அதில் ஒன்று, அவர்கள் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக்கூடாது. அதற்கு அடுத்தது, பிள்ளைகள் மிராசுதார்களின் மாடுகளை மட்டும் மேய்க்க வேண்டும். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆணையராக இருந்த ஹட்டன் இதை வரிசையாகப் பதிவு செய்திருக்கிறார்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்த நேரம் அது. பல்கலைக்கழகம் இருப்பது சிதம்பரத்தில் என்றாலும் அதைக் கட்டியவரின் ஊர் இதே ஜில்லா, ஒரே தலைமுறை. உங்கள் கட்டுரையில் இந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்துப் பத்தியில் வர வேண்டும் என்பது என் கருத்து. ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டால் படிக்கிற பிள்ளைக்குப் பாதிக் கதைதான் கிடைக்கும்.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிராவயலில் ஜீவா ஒரு ஆசிரமம் நடத்தினார். ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு அங்கே படிப்பு. 1927இல் காந்தி செட்டிநாட்டுப் பக்கம் வந்தபோது அங்கே போய் ஜீவாவைப் பார்த்தார். அதற்கு இரண்டு மூன்று வருடம் முன்னால்தான் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டது பெரிய போராட்டமாக வெடித்து, பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் எதிர்த்து நின்றார்கள். ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொள்வது வேறு, ஒரே பந்தியில் உட்கார வைப்பது வேறு என்று தமிழ்நாட்டுக்குத் தெரிந்தது அந்தச் சண்டையில்தான்.

பர்மாக்கடைப் பேரன்:

தம்பி சொல்வது நடந்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் கதையை 1930இல் ஆரம்பித்தால் நம் ஊரில் அதற்கு முன் படிப்பே இல்லாத மாதிரி ஆகிவிடும். மன்றோ கவர்னராக இருந்தபோது 1822இல் உத்தரவு போட்டு எடுத்த கணக்கில் சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். தமிழ் ஜில்லாக்களில் படித்தவர்களில் பாதிக்கு மேல் சூத்திரர் என்று எழுதப்பட்ட சாதிகளின் பிள்ளைகள். திண்ணைப் பள்ளியில் மணலில் எழுத்து, அப்புறம் ஓலை. எண்சுவடி என்ற வாய்பாட்டு ஏட்டில் முந்திரி, காணி, மா என்ற பின்னங்கள் எல்லாம் மனப்பாடம். முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. அதை வாயால் பெருக்கத் தெரிந்த பையனைத்தான் ரங்கூன் வட்டிக்கடைக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது கடைநிலை உதவியாளாக, அனுப்புவார்கள். எங்கள் ஐயா அப்படிப் போனவர்தான், பிறகு அடுத்தாள், மேலாள் என்று படிப்படியாக மேலே வந்தார். இங்கிலீஷ் ஒரு எழுத்துத் தெரியாது. மூன்று நாட்டு நாணயத்தில் வட்டி போடுவார்.

ரஸ்தாவாசி:

ஐயா, அந்தக் கணக்கை நானும் மதிக்கிறேன். ஆனால் அதே கணக்கை வைத்து மன்றோ 1826இல் எழுதிய குறிப்பில் என்ன சொல்கிறார்? பள்ளி வயதுப் பையன்களில் நாலில் ஒரு பங்குதான் பள்ளியில், வீட்டில் படிப்பவர்களையும் சேர்த்தால் மூன்றில் ஒரு பங்கு வரலாம் என்கிறார். பையன்களில்! பெண் பிள்ளைகள் கணக்கில் அநேகமாக இல்லவே இல்லை. சேரிப் பிள்ளைகள் திண்ணையில் ஏற முடியுமா? திண்ணை யாருடைய திண்ணை? பள்ளி நடந்த இடமே அவர்களைத் தடுத்தது. இருபதாம் நூற்றாண்டில்கூட அக்கிரகாரத்திலும் கோயில் மண்டபத்திலும் சாவடியிலும் பள்ளி நடந்ததால், சேர்க்கை எல்லோருக்கும் உண்டு என்று காகிதத்தில் இருந்தும் ஒரு சாரார் உள்ளே கால் வைக்க முடியவில்லை. பொதுப் பணத்தில் நடக்கும் பள்ளிகளை எல்லோரும் வரக்கூடிய இடத்துக்கு மாற்ற வேண்டும் என்று 1919 வாக்கில் சென்னை அரசாங்கம் ஆணை போட வேண்டி வந்தது. ஆணை போட்ட பிறகும் எத்தனை வருடம் பிடித்தது என்பதற்கு மேலே சொன்ன 1931 ஒன்றே போதும்.

புதுவயல் டீச்சர்:

நான் முப்பது வருடத்துக்கு மேல் தொடக்கப் பள்ளியில் இருந்தவள். பழைய சேர்க்கைப் பதிவேடு எங்கள் பள்ளியில் ஒரு தகர அலமாரியில் இருந்தது. முதல் நோட்டுகளில் பாதி கரையான் அரித்தது, மீதி படிக்கலாம். மையில் எழுதிய அழகான கையெழுத்து. தகப்பனார் தொழில் என்று ஒரு பத்தி இருக்கும். ஆரம்பப் பக்கங்களில் அந்தப் பத்தி முழுக்க லேவாதேவி, அதாவது வட்டித் தொழில், மறுபடி லேவாதேவி, வியாபாரம், கணக்கு, மறுபடி லேவாதேவி. பக்கம் பக்கமாக அப்படியே போகும். இடையில் எப்போதாவது ஒரு தச்சு, ஒரு தட்டார். ஐம்பதுகளின் கடைசியில் திடீரென்று "கூலி" வர ஆரம்பிக்கும். முதலில் பக்கத்துக்கு ஒன்றிரண்டு, அப்புறம் வரிசையாக. அந்தப் பக்கங்களைப் பார்த்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சொல்வதற்கு வெட்கமில்லை.

என்ன மாறியது என்றால் சோறு வந்தது. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி தினம் மூன்று மணி நேரம்தான், மீதி நேரம் குடும்பத் தொழில். கூலி வீட்டுப் பிள்ளைக்குக் குடும்பத் தொழில் எது? கூலிதான். குலக்கல்வி என்று ஊரே எதிர்த்தது. 1954 ஏப்ரலில் காமராஜர் முதலமைச்சரானார், மே மாதம் அந்தத் திட்டம் போய்விட்டது. 1956இல் மதிய உணவு. சுந்தரவடிவேலு ஐயா கல்வித் துறை இயக்குநராக இருந்தபோது பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்று ஊர் ஊராக நடத்தினார்கள். அங்கே நம் ஊர்க்காரர்கள் பெஞ்சு, பாத்திரம், மணி, துணி என்று கொடுத்ததும் வரலாறுதான். அரசாங்கம் ஒரு கை, ஊர் ஒரு கை. மலரில் அதைக் கட்டாயம் போடுங்கள்.

பள்ளத்தூர் வள்ளி:

டீச்சர் 1954 மே என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அதே 1954 மே 17ஆம் தேதிதான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிரவுன் வழக்கில் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி என்பதே சமமின்மை என்று தீர்ப்புச் சொன்னது. அதற்கு முன் 1896லிருந்து "தனித்தனி, ஆனால் சமம்" என்பதுதான் அங்கே சட்டம்.

நான் இருக்கும் ரிச்மண்டிலிருந்து ஒன்றேகால் மணி நேரம் காரில் போனால் ஃபார்ம்வில் என்று ஒரு சின்ன ஊர். அங்கே மோட்டன் உயர்நிலைப் பள்ளி, கறுப்பினப் பிள்ளைகளுக்கானது. 180 பேருக்காகக் கட்டியதில் 450 பேருக்கு மேல் அடைத்து, இடம் போதாமல் தார்க்காகிதம் ஒட்டிய கொட்டகைகளில் வகுப்பு நடத்தினார்கள். மழை பெய்தால் ஒழுகும். 1951 ஏப்ரலில் பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயதுப் பெண் பள்ளி முழுவதையும் வேலைநிறுத்தத்துக்கு அழைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அந்த வழக்கும் பிரவுன் வழக்கோடு சேர்ந்ததுதான். இப்போது அந்தப் பள்ளி ஒரு அருங்காட்சியகம்.

தீர்ப்பு வந்த பிறகு நடந்ததுதான் கொடுமை. கலந்து படிக்க வைக்க மனமில்லாமல் 1959இல் அந்த வட்டாரத்தின் அரசுப் பள்ளிகளையே இழுத்து மூடிவிட்டார்கள். வெள்ளையர் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி ஏற்பாடாகிவிட்டது. கறுப்பினப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ஐந்து வருடம், 1964 வரை, பள்ளிக்கூடம் கிடையாது. ஏழு வயதில் நின்ற பிள்ளை பன்னிரண்டு வயதில் திரும்பி வருகிறது, நினைத்துப் பாருங்கள். சட்டம் ஜெயித்தால் எல்லாம் முடிந்தது என்று நாம் எழுதிவிடக்கூடாது, அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

பர்மாக்கடைப் பேரன்:

இலங்கையிலும் இதே கதை உண்டு வள்ளி. அங்கே கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி 1945இல் நடைமுறைக்கு வந்தது, ஆசியாவிலேயே பெரிய காரியம். ஆனால் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகள் தோட்ட நிர்வாகம் நடத்திய தோட்டப் பள்ளியில்தான். அரசாங்கம் அவற்றை ஏற்றுக்கொண்டது எழுபதுகளில். அந்தத் தோட்டத்துக் குடும்பங்களில் திரும்பி வந்தவர்கள் நம் மாவட்டத்திலும் குடியிருக்கிறார்கள், அவர்களைக் கேட்டால் தெரியும்.

செஞ்சைத் தம்பி:

நான் தொண்ணூறுகளில் பிறந்தவன், அதனால் வரலாறு எல்லாம் நீங்கள் சொல்லித்தான் தெரிகிறது. ஆனால் உள்ளே போன பிறகு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். படித்த பள்ளியின் பெயரைச் சொல்லவில்லை, வேண்டாம். வருடத்துக்கு ஒரு நாள் ஒருவர் வகுப்புக்கு வந்து "ஸ்காலர்ஷிப் பசங்கல்லாம் எந்திரிங்க" என்பார். அறுபது பேர் இருக்கிற வகுப்பில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் எழுந்து நிற்போம். அதுவரை என் பக்கத்தில் உட்கார்ந்து என் டிபனில் கை வைத்துச் சாப்பிட்டவன் என்னைத் திரும்பிப் பார்ப்பான். அடுத்த நாளிலிருந்து டிபன் பாக்ஸ் தனித்தனி. அந்த ஆசிரியர் கெட்டவர் இல்லை, நன்றாகப் பாடம் நடத்துவார், ஒரு தாளில் பெயர் எழுதி அனுப்பியிருந்தால் முடிந்திருக்கும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

கட்டணம் இல்லை, புத்தகம் இலவசம், சீருடை இலவசம். 1960லிருந்தே சீருடை வந்தது எதற்கு? யார் வீட்டுப் பிள்ளை என்று துணியை வைத்துத் தெரியக்கூடாது என்றுதானே. அதை ஒரு வாக்கியத்தில் உடைத்துவிடலாம். இப்போது சாதிக்கு ஒரு நிறம் என்று கையில் கலர் கயிறு கட்டி உடைக்கிறார்கள். 2023இல் நாங்குநேரியில் ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டிய பிறகுதான் நீதிபதி சந்துரு குழு அமைத்தார்கள். 2024இல் கொடுத்த அறிக்கையில் கயிறும் வேண்டாம், பள்ளிப் பெயரில் சாதி அடையாளமும் வேண்டாம் என்றார்கள்.

கோட்டையூர்க்காரன்:

தம்பி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி என்று தனித்தனியாக இருப்பதைப் பொதுப் பள்ளிகளோடு சேர்த்துவிடலாம் என்று சொல்கிறார்களே, அதில் உங்கள் கருத்து என்ன? பிரவுன் தீர்ப்பின்படி பார்த்தால் சேர்க்கத்தான் வேண்டும்.

செஞ்சைத் தம்பி:

பெயரை மாற்றுங்கள், நாளைக்கே மாற்றுங்கள். ஆனால் சேர்ப்பது என்பதில் நான் கொஞ்சம் நின்று யோசிப்பேன். எங்கள் அம்மா அந்த நலப் பள்ளியில்தான் எட்டாவது வரை படித்தார். தெருவிலேயே பள்ளி, விடுதியில் சோறு. அது இல்லாவிட்டால் அவருக்குப் படிப்பே இல்லை. பொதுப் பள்ளி மூன்று கிலோமீட்டர் தள்ளி, ஊருக்குள் நடந்து போக வேண்டும். அமெரிக்காவில் தனிப் பள்ளி என்பது விலக்கி வைக்கக் கட்டியது. இங்கே நலப் பள்ளி என்பது விலக்கப்பட்ட பிள்ளைக்குக் கிடைத்த ஒரே பள்ளி. இரண்டும் ஒன்றல்ல. சேர்க்கிறோம் என்று பூட்டிவிட்டு, பொதுப் பள்ளியை அந்தத் தெருப் பக்கம் கொண்டுவராமல் விட்டால் நஷ்டம் யாருக்கு?

ரஸ்தாவாசி:

இதை வெட்டி மலரில் போடலாம்.

புதுவயல் டீச்சர்:

நான் கேட்க நினைப்பது வேறு ஒன்று. பாடமே புரியாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளை உள்ளே வந்த கணக்கா, வராத கணக்கா?

நரிக்குறவர் குடியிருப்பிலிருந்து பிள்ளைகள் எங்கள் பள்ளிக்கு வருவார்கள். வீட்டில் அவர்கள் பேசுவது வாக்ரிபோலி, குஜராத்தி மராத்திப் பக்கத்து மொழி, தமிழோடு ஒட்டாது. ஒன்றாம் வகுப்பில் வந்து உட்காரும். "பலகையை எடு" என்றால் எடுக்காது. திமிர் என்று எழுதிவிடுவார்கள். புரியவில்லை, அவ்வளவுதான். ஊசி பாசி விற்கத் தாய் தகப்பன் திருவிழா திருவிழாவாகப் போவார்கள், பிள்ளையும் கூடப் போகும். குன்றக்குடி பங்குனி உத்திரம், அப்புறம் எங்கெங்கோ. திரும்பி வரும்போது பாடம் எங்கோ போயிருக்கும். நான் ஒரு வருடம் அதே குடியிருப்பில் ஐந்தாவது படித்த பெண் பிள்ளை ஒருத்தியை மதிய நேரத்தில் ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்தேன். நான் தமிழில் சொல்ல, அவள் அவர்கள் மொழியில் சொல்லுவாள். தண்ணீர், பலகை, காக்கா, எண்ணு. தீபாவளிக்குள் அந்த நான்கு பிள்ளைகளும் தமிழில் சண்டை போட ஆரம்பித்துவிட்டன. அதற்குமேல் எனக்கு என்ன வேண்டும்?

பள்ளத்தூர் வள்ளி:

டீச்சர், நீங்கள் செய்ததைத்தான் 1974இல் ஒரு வழக்கு கேட்டது. சான்பிரான்சிஸ்கோவில் ஆங்கிலம் தெரியாத சீனப் பிள்ளைகள் சுமார் 1,800 பேரை எந்தத் தனி உதவியும் இல்லாமல் வகுப்பில் உட்கார வைத்திருந்தார்கள். லாவ் வழக்கு. எல்லோருக்கும் ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர், ஒரே பாடத்திட்டம் கொடுத்துவிட்டோம், அதனால் சமம் என்று பள்ளி நிர்வாகம் சொன்னதை நீதிமன்றம் ஏற்கவில்லை. அதற்கு ஐந்தாறு வருடம் முன்பே அதே ஊர்க் கல்லூரியில் மாணவர்கள் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்து, எங்கள் மக்களின் வரலாறும் பாடத்தில் வர வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். பல பண்பாட்டுக் கல்வி என்று இன்று பெரிதாகப் பேசுவதெல்லாம் இந்தச் சண்டைகளில் பிறந்ததுதான்.

நம் அரசியல் சட்டத்திலும் இருக்கிறது. 1956இல் சேர்த்த 350ஏ பிரிவு, சிறுபான்மை மொழிப் பிள்ளைக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்யச் சொல்கிறது. காரைக்குடியில் கட்டட வேலைக்கு வரும் பீகார்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் அது பொருந்தும். அவர்களை நாம் எண்ணுவதே இல்லை.

அரிமளத்து அக்கா:

பெண்களைப் பற்றி இத்தனை பேரும் ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991, 92இல் பெரியவர்களுக்கு எழுத்தறிவு தரும் அறிவொளி இயக்கம் நடந்தது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது. கல்குவாரியில் வேலை பார்த்த பெண்கள் உட்பட ஆயிரக்கணக்கான பெண்கள் கையெழுத்தும் கற்றார்கள், சைக்கிளும் கற்றார்கள். எழுத்தோடு சைக்கிள் எதற்கு என்று அன்றைக்கும் கேட்டார்கள். சைக்கிள் ஓட்டத் தெரிந்த அம்மா பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்குப் போக முடியும், வகுப்புக்கு இரவில் யாரையும் எதிர்பார்க்காமல் வர முடியும். எங்கள் ஊரில் என் அத்தை அப்படித்தான் நாற்பது வயதில் கையெழுத்துப் போட்டார். அவர் மகள் இன்று நர்ஸ். மலரில் கல்லூரி நிறுவியவர்கள் படம் வரட்டும், அந்த அரிக்கேன் விளக்கில் சொல்லிக் கொடுத்த தொண்டர்களையும் நாலு வரி எழுதுங்கள். அவர்களுக்குச் சம்பளம் கிடையாது.

கோட்டையூர்க்காரன்:

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். தலைப்பை "வள்ளல்களும் வாசலும்" என்று மாற்றிக் குழுவுக்கு அனுப்பியிருக்கிறேன். வள்ளல்கள் பகுதியில் ஒரு வரிகூடக் குறைக்கவில்லை, அதற்குப் பிறகு 1919, 1931, 1954, 1956 என்று தொடர்கிறது. டீச்சர், நீங்கள் சொன்ன மாதிரி எங்கள் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டையும் பார்க்கலாம் என்று தலைமையாசிரியரிடம் கேட்டேன், சரி என்றார். முதல் பெண் பிள்ளை எந்த வருடம், முதல் ஆதிதிராவிடப் பிள்ளை எந்த வருடம் என்று தேடி எடுத்து, அந்தப் பக்கங்களைப் படம் பிடித்து மலரில் போடலாமா?

ரஸ்தாவாசி:

படம் வேண்டாம் அண்ணே. அதில் பெயர், தகப்பனார் பெயர், சாதி எல்லாம் இருக்கும். அந்தக் குடும்பங்கள் இன்றும் அதே ஊரில்தான் இருக்கும். செஞ்சைத் தம்பியை வகுப்பில் எழுப்பி நிறுத்திய மாதிரி ஆகிவிடும். வருடத்தை மட்டும் எழுதுங்கள். குடும்பத்தைக் கண்டுபிடிக்க முடிந்தால் நேரில் போய்க் கேளுங்கள், அவர்களே பெயரைப் போடச் சொன்னால் போடுங்கள்.

புதுவயல் டீச்சர்:

அதுதான் சரி. பதிவேடு பார்க்கப் போகும்போது என்னையும் கூப்பிடுங்கள் தம்பி, பழைய கையெழுத்தும் தமிழ் வருடப் பெயர்களும் எனக்குப் பழக்கம். கரையான் அரித்த ஏட்டைப் புரட்டும்போது மெல்லிய அட்டை ஒன்றை அடியில் கொடுத்துத்தான் தூக்க வேண்டும், கையால் தூக்கினால் பொடிந்துவிடும்.

இன்னொரு உதவி. 2023 ஜனவரியில் நரிக்குறவரைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்த்த பிறகு சான்றிதழ் கோட்டாட்சியர் கையெழுத்தில்தான் வர வேண்டும். ஜூன் சேர்க்கைக்குள் குடியிருப்பில் உள்ள பிள்ளைகளுக்கு அதற்கு மனுப் போட வேண்டும், ஆன்லைனில் பதிவேற்றத் தெரிந்த ஒருவர் மடிக்கணினியோடு வந்தால் ஒரே நாளில் முடிக்கலாம். செஞ்சைத் தம்பி, உனக்குச் சனிக்கிழமை வேலை உண்டா?

செஞ்சைத் தம்பி:

இல்லை டீச்சர். வருகிறேன். பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளைகள் எத்தனை பேர் என்று மட்டும் முன்னாடியே கேட்டு வையுங்கள், அதற்கு வேறு மனு.